எழுதிக் கொடுத்தவர், எழுதிக் கொடுக்காதவர்

தூத்துக்குடிக்கார நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. என்னைவிட வயதில் மூத்தவர். வ.உ.சி. பெயரைச் சொன்னாலே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். போன செப்டம்பரில், ‘தி இந்து’வையும் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றி நாலு வரி எழுதி அவருக்கு அனுப்பினேன். செப்டம்பர் 20 ‘தி இந்து’ பிறந்த நாள், அதை ஒட்டி ஒரு நினைவு, அவ்வளவுதான். சற்று நேரத்தில் போன் வந்தது. “தம்பி, வ.உ.சி.யைச் செக்கிழுக்க உள்ள தள்ளுன வருசம் 1908. அதே வருசம் உங்க ஐயரு எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்தாரு. அவருக்குப் போயி மாலை போடுறீங்களே” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேச்சு தூத்துக்குடி வெயில் பக்கம் போய்விட்டது.

அவர் சொன்ன தகவலில் பிழை இல்லை. 1908 ஆகஸ்டில், உடல்நலத்துக்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயரை அரசு ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்தது. ‘சுதேசமித்திர’னில் வந்த கட்டுரைகள்தான் காரணம். இனி அந்த மாதிரி எழுதுவதில்லை என்று உறுதி கொடுத்தார், வழக்கைக் கைவிட்டார்கள். இதை மறைத்துவிட்டு ஐயரைப் புகழ்கிற கட்டுரைகள் நிறைய உண்டு. அவை எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஒரு மனிதருடைய அறுபத்தோரு வருட வாழ்க்கையை அந்த ஒரு கையெழுத்தில் மடித்து வைத்துவிட முடியுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. அன்றைய காங்கிரசில், அரசிடம் மனுப் போட்ட மிதவாதி என்றால் பயந்தவர், நேரடியாக எதிர்த்த தீவிரவாதி என்றால் துணிந்தவர் என்று பள்ளிக்கூடத்திலேயே நம் மண்டையில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஐயர் வாழ்க்கையை அந்தத் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கமும் நிற்கமாட்டேன் என்கிறது.

இந்துவின் பிறப்புக் கதை எல்லோருக்கும் தெரியும். திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர், கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய், 80 பிரதிகள். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கிண்டல் செய்ய, அதற்குப் பதில் சொல்லக் கிளம்பியவர்கள். நாலு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார்கள், சீக்கிரமே வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். பள்ளி வாத்தியார்களாக இருந்த சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் மட்டும் பத்திரிகையோடு மிஞ்சினார்கள். ஐயர் ஆசிரியர், ஆச்சாரியார் நிர்வாகம். ஐயருக்கு அப்போது வயது 23. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வழியாகச் சென்னைக்கு வந்து வாத்தியாரானவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர்.

இந்தக் கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்த்து எழுதினார்கள், ஆனால் அதற்காக அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிராண்ட் டஃப் கவர்னராக இருந்த காலத்தில் இந்து அவரை வறுத்து எடுத்தது. 1882 சேலம் கலவரத்தில் விஜயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டபோது அவர் பக்கம் நின்றது. அதிகாரிகளின் அத்துமீறல்களைப் பெயர் சொல்லி எழுதியது. கோபம் வந்திருக்கும், அவதூறு வழக்கு என்ற மிரட்டல் இருந்திருக்கும். ஆனால் ராஜத்துரோகம் என்று யாரும் விலங்கோடு வரவில்லை. ஏனென்றால் அது இங்கிலீஷ். படிக்கிறவர்கள் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், சில நூறு வீடுகள். அவர்கள் படித்துவிட்டு அதிகம் போனால் மகஜர் எழுதுவார்கள் என்பது கோட்டைக்குத் தெரியும்.

வைஸ்ராய் லிட்டன் பிரபு நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்ததும் அதே 1878 தான். இந்திய மொழிகளில் வரும் ஏடுகளுக்கு மட்டும் பொருந்திய சட்டம். கல்கத்தாவில் ‘அமிர்த பஜார் பத்திரிகை’ அதிலிருந்து தப்பிக்க ஒரே வாரத்தில் முழு இங்கிலீஷ் ஏடாக மாறியது. சென்னையில் அந்தச் சட்டம் எந்த அளவுக்குப் புழங்கியது என்பது வேறு விஷயம். ஆட்சியின் மனசில் என்ன இருந்தது என்பதை அது பச்சையாகக் காட்டுகிறது. ஒரே வாக்கியத்தை இங்கிலீஷில் சொன்னால் கருத்து, நாட்டு மொழியில் சொன்னால் ஆபத்து. ஐயர் வாழ்க்கையில் இந்த விஷயம் முப்பது வருடம் கழித்துத் திரும்பி வரும்.

1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இவர்தான். இந்தியாவை ஆள்கிற விதம் பற்றி ராயல் கமிஷன் வைத்து விசாரிக்க வேண்டும் என்பது தீர்மானம். நேரடியாகச் சொன்னால், எஜமானனிடமே எஜமானனைப் பற்றி விசாரணை கேட்டது. இன்றைக்குப் படித்தால் சாதுவாகத் தெரியும். பன்னிரண்டு வருடம் கழித்து, 1897-இல், அதே மாதிரி ஒரு கமிஷன் முன்னால் சாட்சி சொல்ல அவரே லண்டன் போனார். வெல்பி கமிஷன். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் அதே வருடம் சாட்சி சொன்னவர்கள். இந்தியாவின் வரிப்பணம் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்குப் பேசினார்கள். மிதவாத அரசியல் அதன் உச்சத்தில் இப்படித்தான் இருந்தது. கையில் கணக்கு, உடம்பில் கோட்டு, முன்னால் ஒரு கமிஷன். இதில் தைரியம் எங்கே என்று நண்பர் கேட்பார். இதில் அவ்வளவு தைரியம் தேவைப்படவில்லை என்பதுதான் என் பதிலும்.

1889, பம்பாய்

தைரியம் தேவைப்பட்ட இடம் ஐயரின் சொந்த வீடு. மகள் சிவப்பிரியா சின்னப் பெண்ணாகக் கல்யாணம் ஆகி, சின்னப் பெண்ணாகவே தாலியறுத்தவள். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று விவரிக்கத் தேவையில்லை. நம்மில் பலர் வீட்டுப் பழைய புகைப்படங்களின் ஓரத்தில் நார்மடிப் புடவையில் ஒரு பாட்டி இருப்பார். விதவை மறுமணத்துக்குச் சட்டத்தில் தடை நீங்கி அப்போது முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881-இல் ஒரு கல்யாணத்தை நடத்திக் காட்டினார், அதற்கே ஊர் இரண்டுபட்டது. சென்னையில் திவான் பகதூர் ரகுநாத ராவ் சாஸ்திரப் புத்தகங்களைப் புரட்டி, சாஸ்திரமே மறுமணத்தை அனுமதிக்கிறது என்று வாதம் செய்துகொண்டிருந்தார். கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் அக்கா தங்கைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

சுப்பிரமணிய ஐயர் அப்படி இருக்கவில்லை. 1889 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் கூடிய நேரத்தில், அங்கேயே மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

இந்த நிகழ்ச்சியை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். “தன் மகளுக்கே மறுமணம் செய்துவைத்த சீர்திருத்தவாதி.” அந்த வருடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் கனம் தெரிகிறது. அதே 1889 ஏப்ரலில்தான் இந்து நாளிதழாக மாறியிருந்தது. பதினோரு வருடம் வாரப் பத்திரிகையாகவும், வாரம் மூன்று முறை வருவதாகவும் இருந்துவிட்டு, துணிந்து தினசரி ஆக்கியிருந்தார்கள். தினசரி என்றால் தினமும் செலவு. தந்திச் செய்திக்குப் பணம், காகிதத்துக்குப் பணம், அச்சுக்கூடத்துக்குச் சம்பளம். சந்தாதாரர் ஒருவரைக்கூட இழக்க முடியாத நேரம் அது. சந்தாதாரர்கள் யார்? மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம், தஞ்சாவூர் என்று இருந்த படித்த பிராமணக் குடும்பங்களே பெரும்பகுதி. அவர்களுக்கு எது பிடிக்காதோ அதை, அதுவும் கட்டுரையாக அல்ல, கல்யாணமாகவே, புதுத் தினசரி ஆரம்பித்த ஒன்பதாம் மாதம் அதன் ஆசிரியர் செய்தார்.

சென்னையில் செய்யாமல் பம்பாய்க்கு ஏன் போனார் என்று கேட்கலாம். அங்கே சீர்திருத்தக்காரர்களின் வட்டம் பலமாக இருந்தது, நாடு முழுவதிலுமிருந்து காங்கிரஸ்காரர்கள் வந்திருந்தார்கள். அந்த வருடம் பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் 1889 தான், காங்கிரஸ் வரலாற்றில் இப்படி ஒரு வேடிக்கை. ஊரில் புரோகிதர் கிடைப்பாரா, பந்தலுக்கு யார் வருவார்கள் என்ற தொல்லை அங்கே குறைவு. பத்திரமான இடத்தில் நடத்திக்கொண்டார் என்று இதைக் குறையாகவும் சொல்லிவிடலாம். ஆனால் கல்யாணம்தான் பம்பாயில். ரயிலேறித் திரும்பி வந்து வாழ்ந்தது திருவல்லிக்கேணியில். உறவும் தெருவும் ஒதுக்கி வைத்தது அங்கேதான்.

எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று அளந்து பார்க்கப் பக்கத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அடுத்த வருடம், 1890-இல், பூனாவில் ஒரு கிறிஸ்தவ மிஷன் வீட்டுக் கூட்டத்துக்கு ரானடே, திலகர், கோகலே உள்ளிட்ட பெரிய மனிதர்கள் போனார்கள். அங்கே டீ கொடுத்தார்கள். சிலர் குடித்தார்கள். அதற்குச் சாதிக் கட்டுப்பாடு, விசாரணை, பிராயச்சித்தம் என்று பூனா அல்லோலகல்லோலப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதி பதவி வரை போன ரானடேவே கடைசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டார். டீக்கு அந்த விலை என்றால் கல்யாணத்துக்கு என்ன விலை?

ரானடே பெயர் வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விதவை மறுமணத்துக்காக மேடை ஏறியவர்களில் அவர் முன்னணியில் இருந்தவர். 1873-இல் அவர் மனைவி இறந்தார். ஒரு விதவையை மணந்து வழிகாட்டுவார் என்று தோழர்கள் எதிர்பார்த்தார்கள். தகப்பனார் பேச்சைத் தட்ட முடியாமல் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியை மணந்தார். அந்தச் சிறுமி ரமாபாய் பிற்பாடு பெரிய சமூகத் தொண்டர் ஆனதும், அதற்கு ரானடே துணை நின்றதும் உண்மை. அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ரானடே அளவுக்கு அறிவும் நேர்மையும் உள்ள ஒருவரால் சொந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் போன இடம் அது. சுப்பிரமணிய ஐயர் அதைத் தாண்டினார்.

இந்தக் கதை எப்போதும் அப்பாவின் துணிச்சலாகவே சொல்லப்படுகிறது, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒதுக்கி வைத்த தெருவில் நடந்து போக வேண்டியிருந்தது சிவப்பிரியாவுக்கும்தான். அவள் பக்கத்திலிருந்து இதை யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்வேன்.

அந்த ஒன்பது வருடம்

கல்யாணத்துக்கு மறுநாளே ஐயர் இந்துவை விட்டுப் போகவில்லை. நடுவில் ஒன்பது வருடம் இருக்கிறது. என்னை இந்த வாழ்க்கையில் அதிகம் யோசிக்க வைப்பது அந்த ஒன்பது வருடம்தான். பெண்ணின் தாம்பத்திய உறவுக்கான சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் 1891-இல் வந்தது. நாடெங்கும் எதிர்ப்பு. நம் மதத்தில் வெள்ளைக்காரன் கை வைப்பதா என்று பூனாவில் அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் முக்கியமானவர் திலகர். 1895-இல் பூனாவில் காங்கிரஸ் கூடியபோது, அதே பந்தலில் சீர்திருத்தக்காரர்களின் சமூக மாநாடு நடத்தக்கூடாது என்று கலாட்டா செய்து துரத்தியதும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். சிறை, நாடுகடத்தல் என்று வந்தபோது அசையாத திலகர், பன்னிரண்டு வயது என்ற ஒரு எண்ணுக்கு எதிராக நின்றார். யார் தீவிரம், யார் மிதம்? ஆட்சியைப் பொறுத்தவரை ஒரு பட்டியல் வரும், அடுப்படியைப் பொறுத்தவரை இன்னொரு பட்டியல் வரும். இரண்டிலும் பெயர்கள் இடம் மாறிக் கிடக்கும்.

ஐயர் இந்துவில் சமூகச் சீர்திருத்தத்தை எழுதிக்கொண்டே இருந்தார். குழந்தை மணம், விதவைகள், சாதிக் கொடுமை. நிர்வாகத்தைப் பார்த்த வீரராகவாச்சாரியாருக்கு இது நெஞ்சில் முள். அவரை வில்லனாக எழுதுவது சுலபம், நான் அப்படி நினைக்கவில்லை. கவர்னரைத் திட்டினால் சந்தா கூடுகிறது, கல்யாண வயதைப் பற்றி எழுதினால் சந்தா குறைகிறது. கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு என்ன சொல்வார்? “அரசியலை எழுதுங்கள், வீட்டு விவகாரம் எதற்கு” என்பது அன்றைக்குக் காங்கிரசின் அதிகாரபூர்வமான நிலையும்தானே. அதனால்தான் சமூக மாநாட்டைத் தனியாக நடத்தினார்கள்.

இருபது வருடம் தோளோடு தோள் நின்ற இரண்டு பேர் 1898-இல் பிரிந்தார்கள். இந்து ஆச்சாரியாரிடம் நின்றது. ஆசிரியர் நாற்காலிக்குக் கருணாகர மேனன் வந்தார். ஐயர் தன் 43-ஆம் வயதில், தான் பெற்று வளர்த்த பத்திரிகையை விட்டு வெளியே வந்தார்.

நண்பருக்கு அன்று போனில் சொல்ல நினைத்தது இதைத்தான். 1898-இலும் ஐயரிடம் ஓர் உறுதி கேட்கப்பட்டது. முத்திரைத்தாள் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்ற கோரிக்கை, சந்தா நிறுத்தும் கடிதங்களின் வடிவத்தில், கூட்டாளியின் முகச் சுளிப்பின் வடிவத்தில் ஒன்பது வருடம் வந்துகொண்டே இருந்திருக்கும். இது என் வாசிப்பு. அந்த உறுதியை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் சாகும்வரை இந்து ஆசிரியராக இருந்திருக்கலாம். அப்படிக் கொடுத்ததைக் குறிப்பிட்டு நூறு வருடம் கழித்து யாரும் அவரைக் குத்திக் காட்டியிருக்கவும் மாட்டார்கள். அடக்கி வாசித்ததற்கு ஆவணம் எதுவும் மிஞ்சாது.

இந்து பிறகு நன்றாக ஓடியதா என்றால் அதுவும் இல்லை. 1905-இல் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கியபோது சுமார் 800 பிரதிகள்தான் போய்க்கொண்டிருந்தன. சீர்திருத்தத்தை விட்டதால் சந்தாதாரர்கள் திரும்பி வந்து குவிந்துவிடவில்லை.

தமிழில் எழுதினால்

ஐயர் கையில் மிஞ்சியது ‘சுதேசமித்திரன்’. 1882-இல் வாரப் பத்திரிகையாக அவரே தொடங்கியது, அதுவரை இந்துவின் நிழலில் வளர்ந்தது. 1899-இல் அதை நாளிதழ் ஆக்கினார். தமிழில் அரசியலுக்கென்று ஒரு நாளிதழ் நடந்ததற்கு அதற்கு முன் நிலையான உதாரணம் இல்லை. பார்லிமெண்டு விவாதம், பட்ஜெட், நாணய மாற்று விகிதம், போயர் யுத்தம் எல்லாவற்றையும் தினமும் தமிழில் சொல்லியாக வேண்டும். இந்தியப் பொருளாதாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சி செய்த சேதாரத்தைப் பற்றி 1903-இல் இங்கிலீஷில் ஒரு தடித்த புத்தகம் போட்டவர், அதே சரக்கைத் தமிழில் இறக்க முயன்றார். இங்கிலீஷில் எழுதிப் பழகிய கை. அவருடைய தமிழ் இழுத்து இழுத்துத்தான் நடக்கும் என்பது என் அபிப்பிராயம். அதனால்தானோ என்னவோ தமிழ் தெரிந்த ஆளைத் தேடினார். மதுரையில் சேதுபதி பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருந்த சுப்பிரமணிய பாரதியை 1904 நவம்பரில் உதவியாசிரியராகக் கூட்டி வந்தார். இங்கிலீஷ் தந்திகளையும் பிரசங்கங்களையும் நாள் முழுக்க மொழிபெயர்ப்பது பாரதியின் வேலை. அந்த வேலையில்தான் பாரதியின் உரைநடை கூர்மையானது என்று நினைக்கிறேன்.

வாசகர் மாறியதும் ஐயரும் மாறினார். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கிலீஷ் வக்கீலுக்கு எழுதும்போது ராயல் கமிஷன் கேட்டவர், திண்ணையில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியதும் சுதேசியம் பேசினார், அந்நியத் துணி பேசினார், தொழிலாளி கூலி பேசினார். 1908 பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் பேசியது சுதேசமித்திரன். நண்பருக்கு இதை நினைவுபடுத்த வேண்டும். அவர் ஊர் மில், அவருடைய தலைவர், சென்னையிலிருந்து குரல் கொடுத்தது இந்த ‘மிதவாதி’யின் தாள்.

ஆனாலும் பாரதிக்கு அது போதவில்லை. 1906-இலேயே ‘இந்தியா’ வாரப் பத்திரிகைக்குப் போய்விட்டார். சுதேசமித்திரனில் எழுத முடியாத சூட்டோடு அங்கே எழுதினார். கிழவர் இன்னும் ஒரு கால் கோட்டைப் பக்கம் வைத்திருக்கிறார் என்பது இளைஞர்களின் குறை. குறையில் நியாயம் இருந்தது. சூரத்தில் 1907-இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது எங்கே நிற்பது என்று அந்தத் தலைமுறையில் பலருக்கும் தெரியவில்லை.

1908-இல் அரசாங்கம் ஒவ்வொரு இடமாக அடித்தது. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதே மாதம் திலகருக்கு ஆறு வருடம், மாண்டலே சிறை. ஆகஸ்டில் ஐயர். முப்பது வருடம் இங்கிலீஷில் திட்டியபோது பேசாமல் இருந்த கோட்டை, தமிழில் வந்த கட்டுரைகளுக்காக 53 வயது நோயாளியைப் பிடித்துக்கொண்டு போனது. லிட்டன் காலத்து மனசு அப்படியே இருந்தது. உடம்பெல்லாம் புண் வைக்கும் தோல்நோய் அவருக்கு அப்போதே முற்றியிருந்தது. அருவித் தண்ணீருக்காகத்தான் குற்றாலம் போனதே. சிறையில் அந்த உடம்பு எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று யோசித்தால் கையெழுத்துப் போட்டதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

புரிந்துகொள்வது வேறு, கணக்கிலிருந்து தள்ளிவிடுவது வேறு. ‘இந்தியா’வின் ஆசிரியர் என்று அரசுப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்த மு. சீனிவாசன் என்பவரை அதே சமயத்தில் பிடித்தார்கள். எழுதியது பெரும்பாலும் பாரதி. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குத் தப்பினார், சீனிவாசனுக்கு ஐந்து வருடம் கிடைத்தது. அவருக்கு நாளிதழ் இல்லை, காங்கிரசில் முதல் தீர்மானம் இல்லை, சிலை இல்லை. நண்பர் இந்தப் பெயரைச் சொன்னால் என்னிடம் பதில் கிடையாது, இருக்கவும் கூடாது. சிறைக்குப் போன சீனிவாசனின் தராசில் ஐயர் நிற்கமாட்டார்தான். தப்பிப்போன பாரதியை மட்டும் நாம் அந்தத் தராசில் ஏற்றுவதே இல்லை என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. கவிஞன் என்றால் எல்லைப்புறத்தைத் தாண்டலாம், பத்திரிகை ஆசிரியர் என்றால் செக்கிழுத்தாக வேண்டும் போல.

என் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததை மட்டும் நாம் ஏன் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறோம்? அரசாங்கம் கோப்பு வைத்திருக்கிறது, தேதி வைத்திருக்கிறது, ஆவணக்காப்பகத்தில் தூசி தட்டி எடுக்கலாம். சாதிக்கும் சந்தாதாரருக்கும் உறவுக்காரர்களுக்கும் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! மேடையில் புரட்சி பேசிவிட்டு வீட்டில் பெண்ணின் ஜாதகத்தைக் கையில் எடுத்தவர்கள் எல்லாக் கட்சியிலும், எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தியாகி பட்டியலில் இடம் கிடைப்பதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஐயர் சறுக்கியது உடம்பு கெட்ட காலத்தில், விலங்குக்கு முன்னால். நின்றது உடம்பு நன்றாக இருந்த காலத்தில், இழக்கப் பெரிய சொத்து கையில் இருந்தபோது, சொந்தக்காரர்களுக்கு முன்னால். இரண்டில் எது அரிது என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். வ.உ.சி.யைக் குறைத்துச் சொல்ல ஒரு வார்த்தையும் இதில் இல்லை, அவர் சேர்த்து இழந்தது தனிக் கணக்கு.

கைதுக்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். சுதேசமித்திரன் தொடர்ந்து வந்தது, சூடு இறங்கித்தான் வந்தது. நோய் ஆளை வீட்டோடு கட்டிப்போட்டது. 1915-இல் சென்னைக்கு வந்த காந்தி அவரைப் பார்க்கப் போனதாகவும், அவருடைய புண்களைத் தன் மேல்துண்டால் துடைத்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கதை பெரும்பாலும் காந்தியின் கருணைக்கு உதாரணமாகத்தான் சொல்லப்படுகிறது. படுத்திருந்தவர், காந்தி தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறும் முன்பே காங்கிரசின் முதல் தீர்மானத்தைப் படித்தவர் என்பது அதில் ஓரமாகப் போய்விடுகிறது.

அதே வருடம் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் கொடுத்தார். இந்துவை வாங்கிய கஸ்தூரி ரங்க ஐயங்காரின் மருமான் அவர். சுதேசமித்திரனைப் பல வருடம் நன்றாக நடத்திவிட்டு, 1928-இல் இந்துவுக்கே ஆசிரியராகப் போனார். 1916 ஏப்ரல் 18 அன்று சுப்பிரமணிய ஐயர் இறந்தபோது, அவர் தொடங்கிய இரண்டு பத்திரிகைகளும் ஒரே குடும்பத்துக்காரர்கள் பொறுப்பில் சௌகரியமாக இருந்தன. மறுநாள் இரண்டிலும் சேதி போட வேண்டியிருந்தது. எந்த ஐயரைப் பற்றிப் போடுவது என்பதில் இரண்டுக்கும் அப்போதே சிக்கல் இருந்திருக்கும்.